வானம் தெளிவாக உள்ளது

மெத்தைக்காரர் அனுப்பிய படத்துக்குச் சுவர்ப் பாதுகாப்பு வாரியத்திடமிருந்து பதில் வந்தது. "தங்கள் படம் பெறப்பட்டு, பார்க்கப்பட்டது. வானம் தெளிவாக உள்ளது. ஒரு காகம் காணப்படுகிறது. விரிசல் ஏதும் காணப்படவில்லை. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

வேறு யாருக்கோ போக வேண்டியது தனக்கு வந்துவிட்டதோ என்றுதான் அவர் முதலில் நினைத்தார். கைப்பேசியில் தான் அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் மேட்டு மண்ணைத் தாங்கி மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும் தடுப்புச் சுவர் அதில் முழுதாக இருந்தது. சுவரின் நடுவே, உச்சியிலிருந்து ஏறத்தாழ அடிவரை, கைமுஷ்டி நுழையும் அகலத்தில் விரிசல் இருந்தது. சுவருக்கு மேலே கொஞ்சம் வானம். அந்த வானத்தின் மூலையில் ஒரு காகம் இருப்பதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

"என்னடா போட்டிருக்காங்க?" என்று உள்ளறையிலிருந்து அக்கா கேட்டாள்.

"வானம் நல்லா இருக்காம்."

"சரிதான். வேற?"

"ஒரு காக்கா இருக்காம்."

"அதுக்கு ஒண்ணும் ஆபத்து இல்லையாமா? கேட்டு வெச்சுக்கோ, பாவம்."

அக்கா வேலை பார்த்த காலம் முழுவதும் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களை முகம் தெரியாதவர்களோடு இணைத்துக்கொண்டிருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு கால்கள் இரண்டும் செயலிழந்தன. முன்னறை தம்பியின் பஞ்சும் ஸ்பாஞ்சும் தையல் இயந்திரமும் அடைத்துக்கொண்ட பட்டறை. பின்னறை அவளுடையது. கட்டிலுக்குப் பக்கவாட்டில் ஒரு ஜன்னல். தலையணையைச் சற்று உயர்த்தி வைத்தால் அதன் வழியாகச் சுவரும் விரிசலும் சாய்வாகத் தெரியும். பகலெல்லாம் அவளுக்குப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. அதனால் விரிசலுக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். மாப்பிள்ளை.

"கல்யாணமே வேண்டாம்னு இருந்தவளைத் தேடி இந்த வயசுல ஒருத்தர் வர்றார். நாளுக்கு ஒரு நூல் அகலம். கொஞ்சம்கூட அவசரம் இல்லாத மனுஷன். இப்படிப்பட்டவர் சின்ன வயசுல வந்திருந்தா யோசிச்சிருப்பேன்."

வீடு வாரியத்துக்குச் சொந்தமானது. சுவரும் வாரியத்துக்குச் சொந்தமானது. சுவர் ஆபத்தானது என்று வாரியம் சொல்லிவிட்டால், வாரியமே வேறிடத்தில் மாற்று வீடு தரும். அதற்கு முன் பயந்துகொண்டு வெளியேறுகிறவருக்கு எதுவும் கிடையாது. மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வாரியம் எந்த நேரத்திலும் வீட்டுத் தொலைபேசிக்கு அழைக்கும். யாரும் எடுக்காவிட்டால் வீடு காலி என்று பொருள். ஆள் இல்லாத வீட்டுக்கு ஆபத்து இல்லை என்பது வாரியத்தின் கொள்கை. மனு தானாகவே செத்துவிடும்.

அக்கா முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். அவ்வளவு அழகாக "வணக்கம், சொல்லுங்க" என்று சொல்லக்கூடிய மனுதாரர் வாரியத்துக்கு வேறு எவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

*

வாரியத்தின் காத்திருப்புக் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றின் உறை கிழிந்து உள்ளிருந்த ஸ்பாஞ்ச் மஞ்சளாக எட்டிப் பார்த்தது. மெத்தைக்காரர் உட்காரும் முன்பே, தொழில் பழக்கத்தில், ஒரு கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். தூளாக உதிர்ந்தது.

அவரை உள்ளே அழைத்தவரின் மேசையில் 'படப் பார்வையாளர், இரண்டாம் நிலை' என்று பலகை இருந்தது. ஒல்லியான, மரியாதையான மனிதர். நாற்காலியின் ஒரு பக்க ஸ்பிரிங் போய்விட்டதால் அவர் இடது பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். ரொம்ப நாளாகச் சாய்ந்திருந்ததில் கழுத்து வலது பக்கம் வளைந்து ஈடுகட்டக் கற்றிருந்தது.

"சார், சுவர் போட்டோ அனுப்பியிருந்தேன். வானம்னு பதில் வந்திருக்கு."

"வானம் இல்லைங்கறீங்களா?"

"வானம் இருக்கு சார். சுவரும் இருக்கு."

பார்வையாளர் மின்னஞ்சலைத் திறந்தார். இணைப்பைச் சொடுக்கினார். திரை முழுவதும் நீலமானது. இடது ஓரத்தில் ஒரு காகம், ஏறக்குறைய வான்கோழி அளவுக்கு, நின்றது.

"பாத்துக்கோங்க. நாங்க பொய் சொல்லல."

"இது படத்தோட ஒரு மூலைதான் சார். மீதி கீழ இருக்கு."

"இருக்கலாம்."

"ஓரத்துல இருக்கற அந்தப் பட்டையைக் கொஞ்சம் கீழ இழுத்தீங்கன்னா..."

பார்வையாளர் சுட்டுவிட்டதுபோல மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அது நான் செய்யக் கூடாதுங்க."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். முன்பெல்லாம் மின்னஞ்சலில் எவ்வளவு பெரிய படம் வந்தாலும் அது திரைக்குத் தகுந்தபடி தானே சுருங்கித் தெரியும். வெள்ளத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். டம்ளர் கவிழ்ந்ததுபோலத் தெரிந்தது. இடிந்த பாலத்தை அனுப்பினார்கள். பல் போன சீப்புபோலத் தெரிந்தது. அதிகாரிகள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்கள். அப்புறம் கொஞ்சம் பேர் இறந்துபோனார்கள். விசாரணை வந்தது. தவறுக்குக் காரணம் படங்களைச் சிறிதாக்கிப் பார்த்ததுதான் என்று விசாரணையில் தெரிந்தது. அன்றுமுதல் எந்தப் படமும் வந்த அளவிலேயே பார்க்கப்பட வேண்டும்.

"அதுக்குத்தான் பெரிய படமா அனுப்பச் சொல்றோம். சின்னப் படமா இருந்தா தள்ளுபடி. எதையோ மறைக்கறீங்கன்னு அர்த்தம்."

"சரி சார், பெருசாவே இருக்கட்டும். நகர்த்திப் பாக்கறதுல என்ன?"

"எந்தப் பக்கம் நகர்த்தறது?"

"விரிசல் இருக்கற பக்கம்."

"விரிசல் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்றீங்க. நீங்க சொல்ற பக்கம் பார்த்தா அது பாரபட்சம். நானா ஒரு பக்கம் பார்த்தா அது ஊகம். படம் எப்படித் திறக்குதோ அப்படிப் பாக்கறதுதான் நடுநிலைமை."

"அப்ப யார்தான் நகர்த்தலாம்?"

"முதல் நிலைப் பார்வையாளர்."

"அவரைப் பாக்க முடியுமா?"

"அந்தப் பதவிக்கு இன்னும் ஆள் போடலைங்க."

மெத்தைக்காரர் கொஞ்ச நேரம் காகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரிசல் மட்டும் இருக்கற மாதிரி வெட்டி அனுப்பட்டுமா?"

"வெட்டினா மோசடி."

"நேர்ல ஒருக்கா வந்து பாத்துடுங்களேன் சார். பஸ் ஏறினா வீட்டு வாசல்லயே இறங்கலாம்."

பார்வையாளர் தலைக்கு மேலே மாட்டியிருந்த சட்டகத்தைக் காட்டினார். இயக்குநரின் வாசகம் அதில் தங்க எழுத்துகளில் இருந்தது. 'நேரில் சென்றால் இரக்கம் வரும். இரக்கம் வந்தால் துல்லியம் போகும்.'

எழுந்தபோது மெத்தைக்காரர் கேட்டார். "உங்க நாற்காலில ஸ்பிரிங் போயிருக்கே சார், மாத்தக் கூடாதா?"

"எழுதிப் போட்டேன். நாற்காலியோட போட்டோ அனுப்பச் சொன்னாங்க."

"அனுப்பினீங்களா?"

"அனுப்பினேன். பின்னாடி இருக்கற சுவர்ல பெயின்ட் நல்லா இருக்குன்னு பதில் வந்துச்சு."

*

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா. "அவங்க கண்ணு மேல் மூலையிலதான் இருக்குன்னா, மாப்பிள்ளையக் கொண்டுபோய் மேல் மூலையில உட்கார வை. வெட்டவும் வேண்டாம், சுருக்கவும் வேண்டாம்."

மெத்தைக்காரருக்கு அது தோன்றாமல் போனதில் வெட்கமாக இருந்தது. சுவருக்குப் பக்கத்தில் போய், விரிசல் சரியாக இடது மேல் மூலையில் வருகிற மாதிரி கைப்பேசியைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினார்.

பதில் தாமதமின்றி வந்தது. "தங்கள் படம் முழுவதும் கருப்பாக உள்ளது. கேமராவின் மூடியை அகற்றிவிட்டு மீண்டும் படம் எடுக்கவும்." கூடவே, கேமராவின் மூடியை அகற்றுவது எப்படி என்று விளக்கும் படம் ஒன்றை இணைத்திருந்தார்கள். அதைத் திறந்தார். வெள்ளைத் தாளின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது.

அவர்கள் பார்த்தது விரிசலின் உட்புறம். அது அவ்வளவு அகன்றுபோயிருந்தது. முழு அளவில் திறந்தபோது திரையை நிரப்பி, விளிம்பே தெரியாமல் இருட்டாக நின்றது.

"தூரத்துல இருந்தப்ப வானம்னாங்க. கிட்ட வந்தா இருட்டுங்கறாங்க" என்றாள் அக்கா. "பாவம், மாப்பிள்ளைக்கு எங்க நிக்கறதுன்னே தெரியல."

அவள் சிரித்தாள். தம்பியால் சிரிக்க முடியவில்லை. விரிசலின் அடிப்பகுதியில் சுவர் ஒரு மெத்தைபோல உப்பியிருப்பதை அன்று அவர் பக்கத்தில் நின்று பார்த்திருந்தார். பஞ்சை அளவுக்கு மீறித் திணித்தால் உறை அப்படித்தான் உப்பும். அதற்கடுத்துத் தையல் விடும்.

சந்துக்கு எதிர்ப்புறம் வெல்டரின் பட்டறை. மறுநாள் அதன் தகரக் கூரைமேல் ஏறினார். அங்கிருந்து பார்த்தால் இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் கீழே அவர் வீடு, அதன் ஜன்னலில் அக்கா. அக்கா தொலைபேசியில் இருந்தாள். கைப்பேசியைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே அவர் இடம் தேடினார்.

"டேய், தகரம் வழுக்கும். பாத்து."

"நீ சும்மா இரு அக்கா. மூலையில கொஞ்சம் வானம், கொஞ்சம் விரிசல், ரெண்டும் விழணும். அப்பத்தான் கருப்பாவும் இருக்காது, நீலமாவும் இருக்காது."

"நான் தெரியறேனா?"

"தெரியற."

"அப்ப இரு, தலையைச் சரிபண்ணிக்கறேன். யாராவது பெரிய அதிகாரி பாக்கப்போறார்."

"அவங்க உன்னைப் பாக்க மாட்டாங்க. நீ கீழ இருக்க."

"பாக்காட்டி போகட்டும். லைன்ல இரு." அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு தலைமுடியை ஒதுக்கினாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கையை நீட்டி ஆட்டினாள். அவர் படம் எடுத்தார்.

*

"இடது மேற்பகுதியில் ஒரு கோடு காணப்படுகிறது" என்று வந்தது அடுத்த பதில். "இது திரையில் உள்ள கீறலா என்று ஆராயப்படுகிறது."

மெத்தைக்காரர் வாரியத்துக்கு ஓடினார். பார்வையாளர் வெறும் மேசைக்கு முன்னால், வழக்கமான சாய்வில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணினித் திரையைக் காணவில்லை.

"துணி போட்டுத் துடைச்சுப் பாத்தேங்க. கோடு போகல. பராமரிப்புக்கு அனுப்பிட்டேன்."

"அது எங்க சுவர் சார்!"

பார்வையாளர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் அப்படி ஒரு சந்தேகம் வந்துச்சு. ஆனா சந்தேகத்தை எழுத முடியாதுங்க. பாத்ததைத்தான் எழுதலாம்."

பராமரிப்புப் பிரிவு திரையைச் சோதித்து, அதில் கீறல் இருப்பதை உறுதி செய்தது. சோதனை திருப்புளியால் செய்யப்பட்டது. பழைய திரை கழிக்கப்பட்டது. இனி மக்களின் குறைகள் சிறிய திரையில் பார்க்கப்படுவது நியாயமல்ல என்று இயக்குநர் கருதியதால், சுவர் அளவுக்கு ஒரு புதிய திரை வாங்கப்பட்டது. அதைத் தொடங்கிவைக்கும் விழாவுக்கு மனுதாரர்களையும் அழைத்திருந்தார்கள்.

விழா கூடத்தில் நடந்தது. கிழிந்த நாற்காலிகளுக்கு அன்று வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். இயக்குநர் உருண்டையான, இனிமையான குரல் உடையவர்.

"நண்பர்களே, மக்கள் நம்மை நோக்கி வைக்கும் குற்றச்சாட்டு என்ன? நாம் பார்ப்பதில்லை என்பது. இது எவ்வளவு பெரிய அபாண்டம்! இந்த வாரியம் தோன்றிய நாளிலிருந்து நாம் பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ததில்லை. சுவர் கட்டுவது நம் வேலை அல்ல. சுவரை இடிப்பது நம் வேலை அல்ல. சிலர் கேட்கிறார்கள், சுவர் விழாமல் தடுக்கக் கூடாதா என்று. தடுத்துவிட்டால் பார்ப்பதற்கு என்ன இருக்கும்?"

கைதட்டல்.

"ஒரு காலத்தில் நம் அதிகாரிகள் நேரில் போனார்கள். போன இடத்தில் குழந்தைகள் இருந்தார்கள், நோயாளிகள் இருந்தார்கள். அதிகாரிகளின் கண் கலங்கியது. கலங்கிய கண்ணால் எதைத் தெளிவாகப் பார்க்க முடியும்? ஆகவேதான் படம். படத்திலும் ஒரு மூலை. ஒரு மூலையைப் பார்த்து யாரும் அழுததில்லை."

பிறகு திரை ஒளிர்ந்தது. மாதிரிக்காக ஒரு படத்தைத் திறந்தார்கள். மெத்தைக்காரரின் படம்.

படத்தின் அளவு மாறவில்லை. ஆனால் திரை பெரிதாக இருந்ததால், இந்த முறை மூலையோடு நிற்காமல் படத்தின் பெரும்பகுதி விரிந்தது. வானம், வானத்தின் கீழே சுவரின் உச்சி, உச்சியிலிருந்து கரிய மின்னலைப் போல இறங்கி வரும் விரிசல், விரிசலின் அடியில் உப்பிய வயிறு. திரையின் கீழ் விளிம்பில் ஒரு ஜன்னலின் மேற்பாதி. அதிலிருந்து நீண்ட ஒரு கை. கையில் ஒற்றை வளையல். முகம் இருக்க வேண்டிய இடத்தில் திரை முடிந்துவிட்டது.

மெத்தைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, விரிசல்!"

"ஆமாம்" என்றார் இயக்குநர், குரல் தழுதழுக்க. "எவ்வளவு தெளிவான விரிசல்! இதைவிடத் தெளிவான விரிசலை இந்த வாரியம் பார்த்ததில்லை. உள்ளே இருக்கும் கல்லைக்கூட எண்ணலாம். அந்த வளையலைப் பாருங்கள், அதில் இருக்கும் பூவேலையைப் பாருங்கள். இதுதான் நாம் மக்களுக்குக் கொடுத்திருக்கும் வாக்குறுதி. துல்லியம்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பக்கத்திலிருந்த ஒரு மனுதாரர் மெத்தைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கொஞ்சம் கீழ இறக்குங்க ஐயா. எங்க அக்கா இருக்காங்க, முகம் தெரியும்."

இயக்குநர் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். குடும்பப் படம் காட்டத் துடிக்கும் விருந்தாளியைப் பார்ப்பதுபோல அந்தப் புன்னகை இருந்தது. திரை அணைந்தது.

விழா முடிந்ததும் மெத்தைக்காரர் பார்வையாளரைப் பிடித்தார். "எல்லாரும் பாத்துட்டாங்கல்ல சார்? இனி வீடு கொடுத்துடுவாங்கல்ல?"

"இன்னைக்கு நடந்தது விழாங்க. விழாவுல பாத்தது கணக்குல வராது. மனு மேல பாத்தாத்தான் பாத்ததா அர்த்தம்."

"அப்ப மனு மேல பாருங்களேன்."

"பெரிய திரை இயக்குநர் அறைக்குப் போயிடுச்சு. எனக்குப் பழைய மாதிரி ஒண்ணு கொடுத்திருக்காங்க." மெத்தைக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார். "மனசு விட்டுடாதீங்க. ஒரு நல்ல சேதி இருக்கு. அந்தக் கோட்டைக் கண்டுபிடிச்சதுக்காக என்னை முதல் நிலைக்கு உயர்த்தறாங்க. அப்புறம் நானே நகர்த்தலாம். பதவி ஏத்துக்கற அன்னைக்கு முதல் வேலை உங்க படம்தான்."

திரையில் தெரிந்த காட்சியை அப்படியே அச்சடித்து, பெரிய பதாகையாகக் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். விரிசல், உப்பிய வயிறு, வளையல் போட்ட கை. அதன் கீழே எழுதியிருந்தது: 'நாங்கள் பார்க்கிறோம்.'

*

பதவி ஏற்பதற்கு ஒரு தடை இருந்தது. முதல் நிலை அதிகாரி பொறுப்பேற்கும்போது நாற்காலியில் நேராக உட்கார்ந்து படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த நாற்காலியில் யாராலும் நேராக உட்கார முடியாது. அது என் வேலை சார், நான் செய்து தருகிறேன் என்று மெத்தைக்காரர் சொன்னார். நாள் குறித்தார்கள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரவும் பகலும் விடாத மழை. குறித்த நாளன்று காலையில் அக்கா தலையணையை உயர்த்தச் சொல்லி, ஜன்னல் வழியே வெகுநேரம் பார்த்தாள். விரிசலிலிருந்து சேற்றுத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளைக்கு வேர்க்குது" என்றாள்.

"அக்கா, உன்னைத் தூக்கிட்டுப் போய் வெல்டர் பட்டறையில விட்டுடறேன். இன்னைக்கு ஒரு நாள்."

"போன் யார் எடுக்கறது?"

"எடுக்காட்டி போகுது."

"இவ்வளவு நாள் பட்டுட்டு, அவங்க பாக்கப்போற அன்னைக்கு எடுக்காம விடறதா? நல்லா இருக்கே கதை. நீ போ. நாற்காலியை ஒழுங்காத் தை. அவர் கோணலா உட்கார்ந்து பாத்தா மாப்பிள்ளையும் கோணலாத்தான் தெரிவார். சாயங்காலம் வா, சேந்தே போகலாம்."

அவர் தொலைபேசியை அவள் கைக்கு எட்டும் இடத்தில் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வாரியத்தில் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, பழைய ஸ்பிரிங்கைப் பிடுங்கி, புதியதைக் கட்டி, ஸ்பாஞ்ச் வைத்து, உறையை இழுத்துத் தைத்தார். அவருடைய தையல் எப்போதும் ஒரே சீராக இருக்கும். அன்று ஓரிடத்தில் கோணியது. பிரித்துத் தைக்க நேரமில்லை. பார்வையாளர் உட்கார்ந்தார். நேராக உட்கார்ந்தார். கழுத்து மட்டும் பழக்கத்தில் வலது பக்கம் வளைந்தே நின்றது.

"அடடா" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "உலகமே நேரா ஆயிடுச்சுங்க."

படம் எடுத்து அனுப்பினார்கள். பொறுப்பேற்பு அங்கீகரிக்கப்பட்டது. பார்வையாளர் மெத்தைக்காரரின் மின்னஞ்சலைத் திறந்தார். நீலமும் ஒரு கோடும் திரையில் வந்தன. மௌஸின் மேல் கையை வைத்தார். முதல் தடவையாக உரிமையோடு வைத்த கை.

"ஒரு சம்பிரதாயம் இருக்கு. வீட்ல ஆள் இருக்காங்களான்னு கேட்டுடறேன்." எண்ணைச் சுழற்றி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

ஒரே மணி.

"வணக்கம், சொல்லுங்க."

"வாரியத்துலேர்ந்து பேசறோம். வீட்ல ஆள் இருக்காங்களா?"

"நான் இருக்கேன். மாப்பிள்ளையும் இருக்கார்."

பார்வையாளர் மெத்தைக்காரரை ஏறிட்டுப் பார்த்தார். "மனுவுல மாப்பிள்ளைன்னு யாரும் இல்லையே?"

"இன்னும் உள்ள வரலைங்க. வெளியதான் நிக்கறார்." அக்காவின் குரலில் சிரிப்பு இருந்தது. "என் தம்பி பக்கத்துல இருக்கானா? நாற்காலி சரியாயிடுச்சான்னு..." நிறுத்தினாள். "ஒரு நிமிஷம். என்னமோ சத்தம் வருது. லைன்ல இருங்க."

அவர்கள் லைனில் இருந்தார்கள்.

கனத்த மெத்தையுறையை நுனியில் பிடித்து நெடுக்காகக் கிழித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. மெத்தைக்காரருக்குப் பழகிய சத்தம்தான். ஆனால் அவ்வளவு நீளமான உறையை அவர் பார்த்ததில்லை. அதன்பிறகு இரைச்சல். அதன்பிறகு அதுவும் இல்லை.

பார்வையாளர் மறுபடி எண்ணைச் சுழற்றினார். மணி அடிக்கவில்லை. மறுபடி சுழற்றினார்.

"இப்ப ஆள் இல்லைன்னு வருதே" என்றார் மெதுவாக. மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மெத்தைக்காரர் அதற்குள் படியிறங்கி மழையில் ஓடிக்கொண்டிருந்தார். உறை தைத்த கோணூசி கையிலேயே இருந்தது.

*

வெல்டரும் தெருக்காரர்களும் மாலைவரை மண்ணை வாரினார்கள். ரிசீவர் அக்காவின் கையில் இருந்தது.

வாரியத்துக்கு அதன் வீடு ஒன்று குறைந்தது பற்றி அறிவிக்க வேண்டியது குடியிருப்பவரின் கடமை. மாற்று வீடு வேண்டுமென்றால் தற்போதைய நிலையைக் காட்டும் படம் வேண்டும். மெத்தைக்காரரின் கைப்பேசி சேற்றில் போய்விட்டதால், வெல்டர் தன் கைப்பேசியால் எடுத்து அனுப்பிக் கொடுத்தார். சுவர் நின்ற இடத்தில் சுவர் இல்லை. கீழே மண், மேலே வானம். மழை விட்டிருந்தது.

பதில் வந்தது.

"தங்கள் படம் பெறப்பட்டு, முந்தைய படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. முந்தைய படத்தில் காணப்பட்ட கோடு இப்படத்தில் காணப்படவில்லை. வானம் தெளிவாக உள்ளது. தங்கள் குறை தீர்ந்தது. மனு முடித்துவைக்கப்படுகிறது."

அவர் வாரியத்துக்குப் போனார். சண்டை போடுவார் என்று காவலாளி கூடவே வந்தான். அவர் சண்டை போடவில்லை. கூடத்தில் பதாகைக்குக் கீழே நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். பார்வையாளர் எழுந்து நின்றார். நாற்காலி அவர் எழுந்த பிறகும் நேராகவே நின்றது.

"சார், வெளிய மாட்டியிருக்கற படத்தை எனக்குத் தருவீங்களா? அக்கா போட்டோ வேற எதுவும் இல்ல. எல்லாம் வீட்டோட போச்சு."

"அது வாரியத்துச் சொத்துங்க." பார்வையாளர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அதுல முகமும் இல்ல."

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. நகர்த்தினா தெரியும். நீங்கதான் இப்ப நகர்த்தலாமே."

"மனு மூடியாச்சு. மூடின மனுவுல நகர்த்த முதல் நிலைக்கும் உரிமை இல்ல." வாசல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். "நீங்க அனுப்பின மெயில் உங்ககிட்டயே இருக்குமேங்க. அதுல முழுசா இருக்கும். நீங்க எப்படி வேணா பாத்துக்கலாம். உங்களுக்கு விதி எதுவும் இல்ல."

வெல்டரின் பட்டறையில் ரசீது போடுவதற்காக ஒரு பழைய கணினி இருந்தது. வெல்டர் திரையிலிருந்த கரியைக் கையால் துடைத்துவிட்டு, அனுப்பிய மின்னஞ்சல்களில் அந்தப் படத்தைத் தேடித் திறந்து கொடுத்தார். திரையில் நீலமும் ஒரு கோடும் வந்து நின்றன.

"எதுக்குப்பா இவ்வளவு பெருசா எடுத்த?"

"அவங்கதான் கேட்டாங்க."

வெல்டர் வெளியே போய் இரும்பை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

மெத்தைக்காரர் திரையின் வலது ஓரத்திலிருந்த பட்டையைப் பிடித்து இழுத்தார். வானம் மேலேறிப் போனது. சுவர் வந்தது, விரிசல் வந்தது, வயிறு உப்பி நின்ற இடம் வந்தது. கீழே இருந்த பட்டையை வலப்பக்கம் தள்ளினார். வளையல் போட்ட கை வந்தது. ஜன்னல் வந்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு, வாய் பாதி திறந்திருக்க, லைனில் இருக்கச் சொல்லிக்கொண்டிருந்த அக்காவின் முகம் வந்தது.

ஒரு விரல்தான் தேவைப்பட்டது.